ஏலகிரி வீட்டுக் கணப்படுப்பு: புகைக்குழாயை எப்படி விடுவது?

வணக்கம். ஏலகிரியில் தாத்தா கட்டிய வீட்டில் கல் கணப்படுப்பு ஒன்று இருக்கிறது. மார்கழியில் விறகு வைத்தால் சூடு கூரைக்குப் போகிறது, புகை எங்களுக்கு. அதற்குள் பொருத்த ஒரு பெல்லட் அடுப்பு வாங்கிவிட்டேன்; மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கும், புகையை மின்விசிறி வெளியே தள்ளும்.

“குழாயை நாலடி உள்ளே விட்டு மிச்சத்தைப் பூசிவிடலாம்” என்கிறார் கொத்தனார். மனம் ஒப்பவில்லை. அகலமான பழைய புகைபோக்கியில் புகை ஆறிக் கரி படியுமே! 18 அடி உச்சிவரை 4 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவதா, ஒன்றரை அடிக் கருங்கல் சுவரைத் துளைப்பதா? இங்கே மின்சாரம் அடிக்கடி போகும். விசிறி நின்றால், நெடுங்குழாயில் மிச்சப் புகையாவது தானாக மேலேறும் என்று நினைக்கிறேன். சரிதானா?

விசிறி தள்ளும் புகை என்பதால் இணைப்பில் ஊசித்துளை இருந்தாலும் அறைக்குள் கசியும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்குக் கொதிகலன் குழாய் பற்றவைப்பவர்கள் யாராவது இதைச் செய்து தருவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.