பார்படோஸ் அடிமைப் பதிவேடு: 1817-இல் இருப்பவர் 1834-இல் இல்லை

கரீபியன் தீவான பார்படோஸில், தோட்டம் ஒன்றில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணைத் தேடுகிறேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் டி 71 (T 71) என்ற அடிமைப் பதிவேடுகள் தொகுப்பில், 1817 பதிவேட்டில் அவர் இருக்கிறார். பெயர், வயது 19, பிறப்பு ஆப்பிரிக்கா, வயல் வேலை. ஒரு முழு வாழ்க்கைக்கு ஒற்றை வரி. பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் கிடையாது. அதே பெயரில் அதே பக்கத்திலேயே இன்னும் இருவர் இருக்கிறார்கள். 1834 பதிவேட்டில், அதே உரிமையாளர் பட்டியலில் அவரைக் காணோம்.

இடையில் 1820, 1823 பதிவேடுகளை உரிமையாளர் பெயரை வைத்துப் புரட்டிவிட்டேன். இறந்தவர் பட்டியலிலும் அவர் இல்லை. அப்புறம், அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது பிரிட்டன் கொடுத்த இழப்பீட்டின் ஆவணங்களைப் பார்த்தேன். அந்த 2 கோடி பவுண்டு போனது உரிமையாளர்களுக்கு; அதனால் நான் பார்த்த தாள்களில் அவர்கள் பெயர்தான், அடிமைகள் வெறும் எண்ணிக்கை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் (UCL) பிரிட்டிஷ் அடிமைமுறை பற்றிய தரவுத்தளமும் உரிமையாளர் வழியாகத்தான் போகிறது. ஆங்கிலிக்கன் ஞானஸ்நானப் பதிவுகளிலும் கிடைக்கவில்லை.

விற்கப்பட்டிருக்கலாம், விடுதலைப் பத்திரம் பெற்றிருக்கலாம் என நினைக்கிறேன்.

1817-க்கும் 1834-க்கும் இடையில் பார்படோஸில் கைமாறிய அடிமைகளைப் பெயரோடு கண்டுபிடிக்க, எந்தப் பத்திரத் தொகுப்பை முதலில் பார்க்க வேண்டும்?