இணைப்புகளை மூடும்போது நின்றுவிடும் சர்வர்: வழி கூறுங்கள்

வணக்கம். லினக்ஸில் சி மொழியில் நான் எழுதிய சிறிய டிசிபி சர்வர், நாள் முழுவதும் ஒழுங்காக ஓடிவிட்டு, நிறுத்தச் சொல்லும்போது மட்டும் இணைப்புகளை மூடும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் செயல்தொடர்) உண்டு. அது ரெசீவ் அழைப்பில் தரவுக்காகக் காத்திருக்கையில், முதன்மைத் திரெட் அந்த இணைப்பின் முனையான சாக்கெட்டை குளோஸ் செய்துவிட்டு, அந்தத் திரெட் முடியட்டும் என்று ஜாயின் அழைப்பில் காத்திருந்தது. குளோஸ் செய்வதால் மட்டும் ரெசீவில் உறங்கும் திரெட் லினக்ஸில் விழிப்பதில்லை என்பதை, சற்றுத் தாமதமாகத்தான், அறிந்து குளோஸுக்கு முன்னதாக, இணைப்பில் தரவுப் போக்குவரத்தை நிறுத்தும் ஷட்டவுன் அழைப்பைச் சேர்த்தேன். இப்போது ரெசீவ் உடனே, இனித் தரவு இல்லை என்று பொருள்படும் பூஜ்யத்துடன் திரும்புகிறது. ஆயினும் சர்வர் முடிவுக்கு வராமல் அப்படியே உறைந்து நிற்கிறது.

பிழை தேடும் கருவியான ஜிடிபியில் எல்லாத் திரெட்களின் பேக்டிரேஸையும் (எந்த அழைப்பில் நிற்கின்றன என்ற பட்டியலை) எடுத்தபோது, முதன்மைத் திரெட் இணைப்புப் பட்டியலின் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டை) பூட்டியபடியே ஜாயினில் நிற்பதும், மற்றவை பட்டியலிலிருந்து தம்மை நீக்கிக்கொள்ள அதே மியூடெக்ஸுக்குக் காத்திருப்பதும் தெரிந்தது. பிழை என்னுடையதுதான்.

பட்டியலைத் தனியே நகலெடுத்து, பூட்டை விடுவித்த பின் ஜாயின் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு திரெட் தன் சாக்கெட்டை மூடிவிட்டால், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த சாக்கெட்டைக் குறித்த எண்ணையே வேறொரு கோப்புக்குக் கொடுத்துவிடக்கூடும். அப்போது என் ஷட்டவுன் தவறான இடத்தில் விழும். குளோஸ் செய்யும் பொறுப்பை முதன்மைத் திரெட்டிடம் மட்டும், அதுவும் ஜாயினுக்குப் பிறகு, விடுவது சரியா? இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.