அடிமரத்தில் பூப்பதற்கு என்ன பெயர்?

ஆசிரியை, அல்சூர்:
ஞாயிறன்று தமிழ் வகுப்புப் பிள்ளைகளைப் பெங்களூரு லால்பாக் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். கையேடு நாளை அச்சுக்குப் போக வேண்டும். பலாவும் நாகலிங்கமும் அடிமரத்துப் பட்டையைப் பிளந்துகொண்டு பூக்கின்றனவே, அந்தக் ‘காலிஃப்ளோரி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒலிபெயர்த்தால் பிள்ளைகளுக்குக் காலிஃபிளவர்தான் நினைவுக்கு வரும்.

தாவரவியல் படித்தவர், ஒயிட்ஃபீல்டு:
தண்டுப்பூப்பு. வெப்பமண்டலக் காட்டு மரங்களில்தான் இது மிகுதி. கொக்கோவும் இப்படித்தான் பூக்கும். அதற்கு மகரந்தம் சுமப்பவை ஈர நிழலில் திரியும், கொசுவைவிடச் சிறிய ஈக்கள். தயவுசெய்து ‘தண்டுப்பூ இனம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பலா அத்தியின் குடும்பம், நாகலிங்கம் பிரேசில் கொட்டையின் குடும்பம், கொக்கோவோ பருத்திக்கும் வெண்டைக்கும் உறவு. வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியே தோன்றிய இயல்பு இது. இதை வைத்து இனம் பிரிக்க முடியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மல்லேஸ்வரம்:
தண்டு என்றால் வாழையும் கீரையும்தான். வயிரம் பாய்ந்த மரத்துக்கு அது தகுமா? கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நால்வகை வைத்திருக்கிறோம். கோடு கிளை என்றால், தாள் அடி. ‘தாட்பூ’ என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்.

ஆசிரியை:
ஐயா, இன்றைய பிள்ளைகளுக்குத் தாள் என்றால் காகிதம். தாட்பூவைக் காகிதப்பூ என்றே படிப்பார்கள்.

மென்பொருள் துறையினர், இந்திராநகர்:
சங்கப் பாட்டில் ‘வேர்க்கோட் பலா’ வருகிறதே! வேரையே கிளையாகக் கொண்ட பலா என்றுதானே பொருள்? ‘வேர்க்கோட்டுப்பூ’ எனலாம்.

தமிழாசிரியர்:
இல்லை தம்பி. கோடு என்றால் ‘வேர்க்கோட்டுப் பலா’ என்று புணர்ந்திருக்கும். அதே பாட்டில் ‘சிறுகோட்டுப் பெரும்பழம்’ என்று வருவதைப் பாருங்கள். இங்கே உள்ளது கோள், அதாவது காய்க்குலை. வேரிலே குலை கொண்ட பலா. கபிலர் மரத்தை உற்றுப் பார்த்துப் பாடியிருக்கிறார்.

தாவரவியல் படித்தவர்:
அருமையான விளக்கம் ஐயா. ஆனால் கோள் காய்க்குத்தான் பொருந்தும், நமக்கு வேண்டியது பூப்பு. அத்தியையும் இதில் அடக்க வேண்டும். அதன் பூக்கள் காய் போன்ற கூட்டுக்குள்ளே மறைந்திருக்கும், குளவி நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கும்.

ஆசிரியை:
மூவர் ‘தண்டுப்பூப்பு’க்கு இசைந்திருக்கிறார்கள். ‘அடிமரத்திலும் முதிர்ந்த கிளையிலும் பூப்பது’ என்ற விளக்கத்துடன் அதையே அச்சுக்குத் தருகிறேன்.

தமிழாசிரியர்:
தாருங்கள் அம்மா. மரத்துக்குத் தண்டு என்பதை நான் இன்னும் ஒப்பவில்லை. அடுத்த பதிப்பிலாவது தாட்பூவை அடைப்புக்குறிக்குள் சேருங்கள்.