இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம்: ஓஎஸ்சிபி, சிஐஎஸ்எஸ்பி எழுதிய டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

நீடாமங்கலத்திலிருந்து

கணினிகளுக்குள் ஊடுருவும் திறமையைச் சோதிக்கும் ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வில் 2025 ஜனவரியில் தோற்று, அதே ஆண்டு ஜூனில் தேறியவன் நான். தேர்வு நிறுவனம் மதிப்பெண்ணைச் சொல்வதில்லை. என் கணக்குப்படி முதல் முறை 50, இரண்டாம் முறை 80. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் நான் புதிதாகக் கற்ற தாக்குதல் நுட்பங்கள் மிகக் குறைவு என்பதால், அந்த 30 மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பை அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஆஃப்செக் நிறுவனம் நடத்தும் இத்தேர்வில் வினாத்தாள் கிடையாது. விபிஎன் (இணையத்தின் வழியே போடும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக ஒரு வலையமைப்புக்குள் விட்டு, அங்குள்ள கணினிகளுக்குள் புகுந்து காட்டச் சொல்கிறார்கள். 2024 நவம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முறையில், ஒன்றோடொன்று பிணைந்த மூன்று ஆக்டிவ் டைரக்டரி (ஒரு நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) கணினிகளுக்கு 40 மதிப்பெண். தனித்து நிற்கும் மூன்று கணினிகளுக்குத் தலா 20. தனிக்கணினியில் உள்ளே நுழைந்தால் 10, நிர்வாகி உரிமை வரை ஏறினால் மேலும் 10. தேற 70 வேண்டும். கால அளவு 23 மணி 45 நிமிடம். அது முடிந்தபின் அறிக்கை எழுதி அனுப்ப இன்னொரு 24 மணி நேரம். ஆயத்தத் தாக்குதல் நிரல்களின் தொகுப்பான மெட்டாஸ்ப்ளாய்டை ஒரே ஒரு கணினியின் மீதுதான் பயன்படுத்தலாம். தரவுத்தள ஓட்டைகளைத் தானே தேடித் தாக்கும் எஸ்க்யூஎல்மேப் போன்ற தானியங்கிக் கருவிகளும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் கூடாது.

முதல் முறை காலை 10.30 மணிக்குத் தொடங்கினேன். மாலை ஐந்துக்குள் ஆக்டிவ் டைரக்டரி பகுதியின் 40 மதிப்பெண்ணும் கைக்கு வந்துவிட, பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு ஒரு தனிக்கணினியில் இருந்த இணையச் செயலி என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். ஆறு மணியிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை, ஒன்பது மணி நேரம், அதே பக்கத்தை வெவ்வேறு விதமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு கணினிகளுக்கு மிச்சமிருந்தது களைத்த தலையும் ஏழு மணி நேரமும். அவற்றில் 10 மதிப்பெண்தான் தேறியது.

தேர்வில் வந்ததை வெளியே சொல்ல விதி இடம் தராது. ஆகவே அந்தத் தவற்றின் தன்மையை ஒரு பயிற்சிக் கணினியைக் கொண்டு விளக்குகிறேன். ஒரு கணினியில் எந்தப் போர்ட்டுகள் (சேவைகளுக்கான வாயில்கள்) திறந்திருக்கின்றன என்று தேடும் என்மேப் கருவியை வெறுமனே ஓட்டினால் அது அதிகம் பயன்படும் 1,000 போர்ட்டுகளை மட்டுமே பார்க்கும். மொத்தம் 65,535 இருக்கின்றன. அதுவும் டிசிபி என்ற தகவல் பரிமாற்ற முறையில் மட்டுமே; யூடிபி என்ற இன்னொரு முறையின் போர்ட்டுகளை நாமாகக் கேட்டால்தான் தேடும். பிப்ரவரியில் ஒரு பயிற்சிக் கணினியின் இணையப் பக்கத்தோடு இரண்டு இரவுகள் மல்லுக்கட்டினேன். வழி இருந்ததோ யூடிபி 161-இல், வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி சேவையில். அதைக் கேட்டவுடன் ஒரு பயனரின் பெயரையும், ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலின் கட்டளை வரியில் அவருடைய கடவுச்சொல்லையும் அது தானாகவே கொட்டிவிட்டது. மூன்று நிமிட வேலை.

அந்த இரண்டாம் இரவுக்கு மறுநாள், கோடை உளுந்துக்கு மோட்டார் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தம்பியிடம் அப்பா ஏதோ கத்திக்கொண்டிருந்தார். கடைசி வயலின் மடையில் தண்ணீர் ஏறவில்லை. தம்பி மண்வெட்டியால் மடையை ஆழப்படுத்திக்கொண்டே இருந்தான். "மடைய வெட்டி என்னடா ஆவப் போவுது? தலைப்புல போயிப் பாரு, எங்க ஒடைஞ்சு போயிருக்குன்னு" என்றார். வரப்பில் நின்றிருந்த எனக்குச் சுருக்கென்றது. (அவருக்கு இன்றுவரை நான் என்ன தேர்வு எழுதினேன் என்பது தெரியாது, 'கம்ப்யூட்டர் பரீட்சை' என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார்.)

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு கணினியில் 90 நிமிடங்களாகப் புதிய தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்; திரும்பி வரும்போது நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல், முதல் ஸ்கேனிலிருந்து மறுபடி படித்துக்கொண்டு வர வேண்டும். இந்த விதியைப் படிப்பது எளிது. நம் கெட்டிக்காரத்தனத்தின் மீது நமக்கிருக்கும் நம்பிக்கை 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், அதற்குக் கீழ்ப்படிவதுதான் கடினம். நான் சமையலறை டைமர் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துப் பழகினேன். மார்ச் முதல் மே வரை செய்த நாற்பத்துச் சொச்சம் பயிற்சிக் கணினிகளில், டைமர் அடித்ததும் எழுந்ததாக நேர்மையாகச் சொல்லக்கூடியவை கடைசிப் பதினைந்துதான்.

இனி ஊர் விஷயம். பெங்களூரில் எழுதுபவர்களுக்கு இல்லாத சில ஏற்பாடுகள் நமக்குத் தேவைப்படும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, எங்கள் பக்கம் குறுவை வேலை சூடு பிடித்திருந்த வாரத்தில் என் இரண்டாம் தேர்வு அமைந்தது. நாற்றங்காலுக்காக எல்லா ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். விளக்கு மங்குவதற்கு முன்பே ரவுட்டர் அணைந்து எழும். விபிஎன் அறுந்தால் திரும்ப இணைத்துக்கொள்ளலாம், ஆனால் கைக்கு வந்திருந்த ஷெல் (புகுந்த கணினிக்குக் கட்டளையிடும் வசதி) போய்விடும். ஆகவே ரவுட்டரையும் மடிக்கணினியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு, பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, முந்தைய வாரமே மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்த அறிவிப்பைப் பார்த்த பிறகே தேதியை உறுதிசெய்தேன்.

தேர்வு முழுவதும் கேமரா வழியாகக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். தொடக்கத்தில் அடையாள அட்டையையும் அறையின் நான்கு புறங்களையும் காட்ட வேண்டும். அறைக்குள் வேறு எவரும் வரக் கூடாது. கூட்டுக் குடும்ப வீட்டில் இதை விளக்குவது தேர்வைவிடப் பெரிய வேலை. ஜனவரியில் அம்மா காபி டம்ளரோடு உள்ளே வந்துவிட, உரையாடல் பெட்டியில் கண்காணிப்பாளர் 'அறையில் இன்னொருவர் இருக்கிறாரா' என்று கேட்டு, நான் மன்னிப்புக் கேட்டு, அறையை மீண்டும் சுற்றிக் காட்ட வேண்டியதாயிற்று. ஜூனில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: டம்ளர் திண்ணையில் இருக்கும், கதவை யாரும் தட்ட மாட்டார்கள், இடைவேளை எடுத்து நான்தான் போய்க் குடிக்க வேண்டும். அதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. காபி ஆறிவிடுமே என்பதற்காகவாவது இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எழுந்தேன்.

கும்பகோணத்திலிருந்து

நான் எழுதியது சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு. மேலே உள்ளதைப் போல விடிய விடிய விழிக்க வைக்கும் தேர்வு அல்ல. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்காக ஒன்பது மாதம் படித்தேன். இது கணினியே கேள்விகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் முறை: நம் விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கும். குறைந்தது 100, அதிகம் 150 கேள்விகள். விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. நன்றாக எழுதினால் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும் என்பதால், தேறப் போகிறவருக்கும் தோற்கிறோம் என்ற உணர்வே கடைசி வரை இருக்கும். இதை யாராவது எனக்கு முன்பே அழுத்திச் சொல்லியிருந்தால், அறுபதாவது கேள்வியில் கண்கலங்கியிருக்க மாட்டேன்.

பத்தாண்டுகள் ஃபயர்வால் (வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் தடுப்பு) வேலை பார்த்தவள் நான். எந்தக் கேள்வியைக் கண்டாலும் கை அரிக்கும்: எதை முடக்கலாம், எந்த விதியை மாற்றலாம் என்றே மனம் போகும். இந்தத் தேர்வோ, நீ நிர்வாகத்தின் இடத்தில் நின்று சொல் என்கிறது. தரவு மையத்தில் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய் என்றால், சர்வரையோ காப்புப் பிரதியையோ தொடும் விடைகள் எல்லாம் தவறு; மனிதர்களை வெளியேற்றுவதுதான் முதலில். தெரிந்ததுதானே என்று தோன்றும். நான்கு விடைகளும் நியாயமாக ஒலிக்கும்போது அது தெரிவதில்லை.

எட்டுப் பிரிவுகளில் என்னை மிகவும் படுத்தியது, பேரிடருக்குப் பிறகு தொழிலை மீட்டெடுப்பது பற்றிய பகுதி. எவ்வளவு நேரத்துக்குள் மீள வேண்டும் என்பது ஓர் அளவு, எவ்வளவு தரவை இழந்தால் தாங்கலாம் என்பது இன்னோர் அளவு. இரண்டையும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொண்டிருந்தேன். வேதாரண்யத்தில் என் மாமாவுக்கு மளிகைக் கடை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கூரை பிய்ந்து, கடன் நோட்டு மழையில் கூழாகிவிட்டது. அத்தை தீபாவளி அன்று, அதாவது நவம்பர் 6-இல், பாக்கிகளை எல்லாம் வேறொரு நோட்டில் பெயர்த்து எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதன்பின் பத்து நாள் கொடுத்த கடனுக்குக் கணக்கு இல்லை. 'பத்து நாள் போனாப் போவுது, ஒரு மாசம்னா கடையை மூடியிருப்பேன்' என்று மாமா சொன்னார் அல்லவா, அவர் சொன்ன அந்த எல்லைதான் இரண்டாவது அளவு. கடை எத்தனை நாளில் திறந்தாக வேண்டும் என்பது முதலாவது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் அவர் கடையைத் திறந்தது ஆறாம் நாள். இதற்குப் பிறகு அந்தப் பகுதியில் நான் ஒரு கேள்விக்கும் தடுமாறியதாக நினைவில்லை.

தேர்வு மையம் சென்னையில். உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினேன், தூங்கவில்லை. அதே நாள் மதியம் எழுதுவதாக வைத்தது என் தவறு. ஓர் இரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் காலையில் எழுதுங்கள். உள்ளங்கை நரம்புகளை ஸ்கேன் செய்து, கைக்கடிகாரம் வரை கழற்றிப் பெட்டகத்தில் வைத்த பிறகே உள்ளே விட்டார்கள். 127-ஆவது கேள்வியோடு திரை நின்றது. வெளியே வந்து தாளை வாங்கும்வரை எதுவும் தெரியாது. 1,000-க்கு 700 வேண்டும். தேறியவருக்கு எண்ணைச் சொல்வதில்லை, தேறிவிட்டீர்கள் என்பதோடு சரி.

மயிலாடுதுறையிலிருந்து

நீடாமங்கலத்துக்காரர் அறிக்கையைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிட்டார். என்னைக் கவிழ்த்ததே அதுதான். ஓஎஸ்சிபியில் சரியாக 70 மதிப்பெண்ணுக்கு உண்டான வேலையை முடித்துவிட்டு, தேறிவிட்டோம் என்று மாமரத்தடிக் கட்டிலில் போய்ப் படுத்தவன் நான். மாலையில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான், ஒரு கணினியில் நிர்வாகி உரிமை பெற்றதற்கு ஆதாரமான சான்றுக் கோப்பைத் திறந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அந்தக் கணினியின் ஐபி முகவரி தெரியவில்லை என்பதைக் கண்டேன். கோப்பின் உள்ளடக்கமும் ஐபி முகவரியும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பது விதி. விபிஎன் அதற்குள் மூடப்பட்டுவிட்டது, திரும்பிப் போய் எடுக்க வழியில்லை. அப்படியே அனுப்பினேன்; தேறவில்லை என்ற மின்னஞ்சல் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த முறை, தேர்வு நேரத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் புதிய கணினி எதையும் தொடவில்லை. விபிஎன் உயிரோடிருக்கும்போதே அறிக்கையின் வரைவை எழுதி, அதில் உள்ள கட்டளைகளை மட்டும் வைத்து ஒரு கணினியை முதலிலிருந்து மறுபடி பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு படி எழுதப்படாமல் விட்டுப்போயிருந்தது.

நீடாமங்கலத்திலிருந்து, மீண்டும்

மயிலாடுதுறை நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தூங்கினேனா என்று கேட்டவருக்கு: ஜூனில் இரவு ஒன்றரையிலிருந்து ஐந்து வரை தூங்கினேன். படுக்கும்போது 60 மதிப்பெண். எழுந்து, கடைசிக் கணினியின் முதல் ஸ்கேனை மறுபடி படித்தபோது, முந்தைய மாலை நான் பார்த்தும் பொருட்படுத்தாத ஒரு பகிர்வுக் கோப்புறை அங்கே இருந்தது. ஏழு மணிக்குள் 80.

இன்னொருவர் சான்றிதழின் ஆயுளைக் கேட்டிருந்தார். இப்போது தேறினால் இரண்டு தருகிறார்கள்: ஓஎஸ்சிபி ஆயுளுக்கும் செல்லும், ஓஎஸ்சிபி பிளஸ் மூன்று ஆண்டுக்கு. இதை வீட்டில் சொன்னபோது, 2028-லும் காபியைத் திண்ணையில்தான் வைக்க வேண்டுமா என்று அம்மா கேட்டார்.