தனுஷ்கோடி தேவாலயம் 1:72 – சுவர் எரிந்த மாதிரி தெரிகிறதே?

கேள்வி
தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தை 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, சிறு மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். சுவருக்கு 8 மி.மீ. ஃபோம், மேலே மெல்லிசாகப் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூச்சு. விரிசல்கள் நன்றாகவே வந்தன. அப்புறம் கறுப்பும் பழுப்பும் கலந்து வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணப் பூச்சு) கொடுத்து, ஜன்னல்களுக்கு மேல் கரித்தூள் தேய்த்தேன். அங்கேதான் கெட்டது. "தீப்பிடிச்ச வீடாண்ணா?" என்கிறாள் தங்கச்சி. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1
வாஷ் அதிகம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பாருங்கள்.

பதில் 2
துடைத்தால் போகாது. பிஓபி வண்ணத்தைக் குடித்திருக்கும். அடுத்த முறை தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு கை பூசிவிட்டு வாஷ் கொடுங்கள்.

தங்கச்சி சொன்னதுதான் சரி தம்பி. கரி ஐரோப்பியப் போர்க்காட்சி செய்கிறவர்களின் பழக்கம். நாமும் வீடியோ பார்த்து அப்படியே தேய்த்துவிடுகிறோம். இந்த ஊரை அழித்தது 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலும் கடலும். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் உப்புக்காற்றும் வெயிலும். மரக்கூரை போய்விட்டது, சுவர் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கிறது.

நான் போனபோது படம் எடுத்ததைவிடச் சுவரைத் தடவிப் பார்த்ததுதான் அதிகம். பவளக்கல். காரை உதிர்ந்த இடத்தில் கல் முழுக்கப் பொடிப்பொடிக் குழி, உள்ளங்கையில் சொரசொரவென்று அச்சு விழுந்தது. அது வரவேண்டுமென்றால் பிஓபியை அங்கங்கே திட்டுத்திட்டாகச் சுரண்டி ஃபோமைத் திறந்துவிடுங்கள். பல்குச்சி நுனியில் தின்னரைத் தொட்டுப் புள்ளி வையுங்கள். ஃபோம் கரைந்து குழி விழும். முதலில் ஒரு துண்டில் பழகுங்கள், ஒரு சொட்டு கூடினால் சுவரில் ஜன்னல் வந்துவிடும்! மொட்டைமாடியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

கரியை மறைக்க நான் பெயின்ட்டைத் தொடமாட்டேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை மோர் பதத்துக்குக் கரைத்து, பழைய பல்துலக்கியால் ஒற்றுங்கள். ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, பதறி இன்னொரு கை போடாதீர்கள். காய்ந்தபின்தான் வெளுக்கும். கறுப்பு லேசாக உள்ளிருந்து தெரிந்தால் நல்லதே, மழைநீர் வழிந்த கறை என்று விட்டுவிடலாம்.

ஒன்று கேட்கணும்: தரைக்கு என்ன போட்டீர்கள்?

கேள்வி கேட்டவர்
கடற்கரை மணல்தான் அண்ணா. சுவரடியில் செங்கல் துண்டுகளும் குவித்திருக்கிறேன்.

பதில் 2
இரண்டையும் எடுங்கள். அரை மி.மீ. மணல் இந்த அளவில் மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லி! டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் வெளிர்நிற கிரௌட் பொடியைத் துப்பட்டாவில் சலித்துத் தூவுங்கள். விழுந்த கல்லில் பாதியாவது மணலுக்குள் புதைந்திருக்கணும். காற்றடிக்கும் பக்கம் மேடு கட்டி, மூலையில் குடைந்துவிடுங்கள். பச்சை வேண்டுமென்றால் ஓர் அடம்பங்கொடி போதும். பாசி வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
சுண்ணாம்பு அடித்து மாடியில் வைத்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே வெளுத்துவிட்டது. ஆனால் ஒரு ஜன்னல் வளைவைக் காக்கா தூக்கிப்போய்விட்டது. புதிதாகச் செய்யட்டுமா?

பதில் 2
உடைந்த விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள். கத்தி படாத உடைப்பு என்றால் அப்படியே இருக்கட்டும்.