செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் பேரன்:

போஜன ஹாலை ஒட்டின அறை. 20க்கு 14 அடி, உயரமும் 14 இருக்கும். தரை ஆத்தங்குடி கல், சுவர் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்கு உத்தரம். வீடு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். 5.1 செட் (அஞ்சு ஸ்பீக்கரும், பேஸுக்குத் தனியா ஒரு சப்வூஃபரும்) சென்னையில கடையில உட்கார்ந்து கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். அங்கே பேச்சு ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழுந்துச்சு.

பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தாக. படம் போட்டேன். பாட்டு முழங்குது, சண்டையில தரை அதிருது. வசனம் வந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே இரைச்சல். வசனம் வர்ற சென்டர் ஸ்பீக்கரை ஏத்தினேன், இரைச்சலும் சேர்ந்து ஏறுச்சு. அப்பத்தாவுக்காகத்தான் முன்னாடி நாற்காலி போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாக. "சத்தம் இருக்கு தம்பி, பேச்சைக் காணோமே"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாக. போய்ப் பார்த்தா, மெத்தையும் தலகாணியும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற உள்ளறையில பழைய சின்ன டிவியில அதே படம் ஓடுது. அதுல ஒரு வார்த்தை தப்பாம கேட்குது. இது என் மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

கடைக்காரர்கிட்டக் கேட்டா, "ரூம் பெருசு சார், பவர் பத்தலை, ஒலியைப் பெருக்குற தனி பவர் ஆம்ப் போட்டுடலாம்"கிறார். போடலாமா?

பள்ளத்தூர்க்காரர்:

ஆம்ப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லட்டும். நான் சுவரைப் பத்தி எழுத வந்தேன்.

சரவுண்ட் ஸ்பீக்கருக்கு பிராக்கெட் அடிக்க வெளியூர்லேருந்து ரெண்டு பசங்க வந்தாங்க. நான் மாடியில இருந்து இறங்கி வர்றதுக்குள்ள ஹேமர் டிரில்லை வச்சிட்டாங்க. ஒரே ஒரு துளைதான். உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு அப்படியே சுவரை விட்டுக் கழண்டு விழுந்துச்சு. மழமழப்பான பக்கம் மேல பார்க்க விழுந்து கிடந்தது. அந்தத் துண்டுல ஜன்னல் வெளிச்சம் தெரியுது. எங்க ஐயா காலத்துச் சுவர். சுண்ணாம்பை அரைச்சு, அடுக்கடுக்காப் பூசி, கூழாங்கல்லால தேய்ச்சு மெருகு ஏத்தினது. அந்தப் பையன் கூசாம, "சுவர்ப் புட்டி மாவு வச்சு அடைச்சிரலாம் சார்"ன்னான்.

தயவுசெய்து அடைக்காதீக. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அது மேல சிமெண்டோ புட்டியோ வச்சா ஈரம் உள்ளேயே நின்னு, சுத்தியிருக்கிறதையும் பொரிய வைக்கும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார்தான் தொடணும், அவங்க இப்ப அபூர்வம். ஸ்பீக்கர் எல்லாமே ஸ்டாண்டுல நிக்கட்டும். வயரைச் சுவரோரமாத் தரையில ஓட்டுங்க. என் வீட்டுல இப்ப அப்படித்தான். சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை.

தேவகோட்டை ஒலிப்பித்தன்:

பேரன் தம்பி, ஆம்ப் வாங்காதீக. உங்க கடைக்காரர் சொன்னது தப்பு. பள்ளத்தூர் அண்ணன் "சத்தத்துக்குக் குறையில்லை"ன்னு முடிச்சதையும் நான் ஒத்துக்கமாட்டேன். ஸ்பீக்கர் ஸ்டாண்டுல நிக்கிறதால சுவர் பிழைக்கும், பேச்சு பிழைக்காது.

என் கதை சின்னது. எங்க மேல்மாடி ஹால்ல நானும் இதே அவதிப்பட்டேன். ஒருநாள் வெறும் ஹால்ல நின்னு கையைத் தட்டினேன். "டிர்ர்ர்"ன்னு ஓடிச்சு, நின்னபாடில்லை. அன்னிக்குப் புரிஞ்சது, கோளாறு செட்டுல இல்லை, அறையிலதான் இருக்குன்னு.

1895ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் பேசுறது யாருக்கும் புரியலைன்னு, வாலஸ் சபைன்ங்கிற இளம் இயற்பியல் ஆசிரியர்கிட்ட அதைச் சரிசெய்யச் சொன்னாங்க. அங்கே ஒரு சத்தம் அடங்க சுமார் 5.5 விநாடி ஆச்சு. பக்கத்துத் தியேட்டர்லேருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து, ஒவ்வொண்ணா உள்ளே வச்சு, சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு அளந்தார். அதுலேருந்து வந்த சூத்திரம்தான் இன்னிக்கும் உலகம் பூரா ஓடுது. அறையின் கன அளவைக் கன மீட்டர்ல எடுத்து 0.161 ஆல் பெருக்கி, அறை உறிஞ்சுற மொத்தப் பரப்பால் வகுத்தா, சத்தம் அடங்குற விநாடி வரும்.

உங்க அறைக்குப் போட்டுப் பார்த்தேன். கன அளவு 111 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 140 சதுர மீட்டர். கல்லும் மெருகேத்தின சுண்ணாம்பும் மேல படுற ஒலியில நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் வாங்கிக்கும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மூணு பங்குன்னே வச்சாலும் கணக்குப்படி வெறும் அறையில 4 விநாடிக்கு மேல வருது. படம் பார்க்க அரை விநாடிப் பக்கம் இருக்கணும். 4 விநாடின்னா ஒரு சொல் அடங்குறதுக்குள்ள அடுத்த ஒரு வாக்கியமே வந்து அது மேல ஏறிடும். ஆம்பைப் பெருசாக்கினா ஸ்பீக்கர்லேருந்து நேரா வர்றதும் கூடும், சுவர்ல பட்டு வர்றதும் அதே அளவு கூடும். ரெண்டுக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. அதுவுமில்லாம பவரை ரெட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு ரெட்டிப்பாக் கேட்கணும்னா பத்து மடங்கு பவர் வேணும். அந்தக் காசு தண்டம்.

அரை விநாடிக்குக் கொண்டுவர சுமார் 35 சதுர மீட்டர் உறிஞ்சுற பரப்பு வேணும். பயந்துடாதீக. அடியில ஃபெல்ட் போட்ட கனமான கம்பளம், துணி சோபா, மடிப்பு மடிப்பாத் தொங்குற கெட்டித் திரை, இதெல்லாம் சேர்ந்தே பாதிப் பக்கம் வந்துடும். ஜமுக்காளத்தை நம்பாதீக. மெல்லிசு, கீச்சு ஒலியை மட்டும் தின்னும். மிச்சத்துக்கு ராக்வூல் (கல் நார்) பேனல். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, ரெண்டு அங்குலம் குறைஞ்சபட்சம், நாலு அங்குலம்னா நல்லது, பின்னாடி கொஞ்சம் இடைவெளி விட்டு. முட்டை அட்டை, மெல்லிசுப் பிரமிடு ஃபோம் இதெல்லாம் கண்ணுக்கு ஸ்டூடியோ மாதிரி தெரியும். பேச்சைக் கெடுக்கிற ஒலியை அது தொடாது.

பேனலை எங்கே வைக்கிறதுன்னு கேட்பீக. நீங்க உங்க இடத்துல உட்காருங்க. ஒரு ஆளை முகம் பார்க்கிற கண்ணாடியைப் பக்கச் சுவரோட வச்சு நகர்த்தச் சொல்லுங்க. எந்த இடத்துல கண்ணாடியில ஸ்பீக்கர் தெரியுதோ அதுதான் முதல் பிரதிபலிப்பு விழுற இடம். அங்கே முதல் பேனல். எல்லாத்தையும் கால் வச்ச சட்டத்துல நிக்க வச்சா அண்ணனோட சுவருக்கும் சேதாரமில்லை.

காரைக்குடி ஆச்சி:

இவ்வளவு கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா பேரன் அப்பத்தா போய் உட்கார்ந்தாகளே அந்த மெத்தை அறை, அதைத்தான் நான் வேணும்னே செஞ்சேன்.

எங்களுக்குப் பங்குல வந்தது வளவுல, அதான் முற்றத்தைச் சுத்தின பக்கத்துல, ஒரு அறைதான். பத்துக்குப் பத்து, உயரமும் அதே பத்து. மகன் சப்வூஃபரோட செட்டு வாங்கி அனுப்பினான். மூலையில வச்சோம். பேஸ் வந்தா ஒரே சுருதியில "ஊம்ம்"னு நிக்குது. தவில் அடிச்சாலும் அதே ஊம், கார் போனாலும் அதே ஊம். பெட்டகத்து மேல இருந்த எவர்சில்வர் தூக்குவாளி கூடவே பாடுது.

எங்க கல்யாணத்துச் சீர் மெத்தை, சுத்தமான இலவம்பஞ்சு, அரை அடி கனம். மகன் போன்ல சொல்லச் சொல்ல நாலு மூலையிலும் அதை நிறுத்தி வச்சேன். அப்புறம் சப்வூஃபரை நாம உட்கார்ற இடத்துல தூக்கி வச்சுப் பாட்டைப் போட்டுட்டு, தரையில மண்டி போட்டுச் சுவரோரமா ஊர்ந்து ஊர்ந்து கேட்கச் சொன்னான். எங்கே ஊம் இல்லாம ஒவ்வொரு அடியும் தனியாக் கேட்குதோ, அங்கே சப்வூஃபரை வைக்கணுமாம். இந்த வயசுல ஊர்ந்தேன். ஜன்னலுக்குக் கீழ, மூலையிலேருந்து ஒரு முழம் தள்ளி அந்த இடம் கிடைச்சது. இப்ப தவில்ல வலந்தலை தனி, தொப்பி தனியாக் கேட்குது. மெத்தையால வந்தது இது.

கண்டனூர் செந்தில்குடி:

ஆச்சி, கோவிச்சுக்காதீக. உங்களுக்கு நல்லது பண்ணினது மெத்தை இல்லை, நீங்க ஊர்ந்ததுதான். பத்தடிக்குப் பத்தடிக்குப் பத்தடி அறையில நீளம், அகலம், உயரம் மூணோட அதிர்வும் ஒரே 56 ஹெர்ட்ஸ்ல (விநாடிக்கு 56 அதிர்வு) போய்க் குவியும். சதுரப் பெட்டி அறைதான் பேஸுக்கு எல்லாத்தையும்விட மோசம். 56 ஹெர்ட்ஸோட அலை 20 அடி நீளம். அரை அடி மெத்தை அதை என்ன செய்ய முடியும்? மெத்தை உங்களுக்குப் பேச்சைத் தெளிவாக்கியிருக்கும். அதை நான் மறுக்கலை.

இன்னொண்ணு, இதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. இலவம்பஞ்சு நொடியில தீப்பிடிக்கும். ஆம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பழைய ஒயரிங் இருக்கிற அறையில, ஒரே ஒரு கதவு உள்ள அறையில, நாலு மூலையிலும் அதை நிறுத்தாதீக ஆச்சி. ராக்வூல் கல்லை உருக்கி எடுத்த நார், எரியாது. மாத்திடுங்க.

என் அனுபவம் அட்மாஸ், அதான் தலைக்கு மேலேருந்தும் ஒலி வர வைக்கிற முறை. கூரையைப் பார்த்து ஒலியை அனுப்பி, பட்டுத் திரும்ப வைக்கிற ஸ்பீக்கர் வாங்கச் சொன்னாக. கடையில மழைக் காட்சி போட்டாக, தலையில தூறல் விழுந்த மாதிரியே இருந்துச்சு. வீட்டுல போட்டா மழை ஸ்பீக்கர் பெட்டியிலேருந்து பெய்யுது. மேலே அண்ணாந்து பார்த்தேன், உத்தரமும் அதுக்கு மேல வரிசையாக் கட்டையும். அந்த ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை வேணும், 14 அடிதான் மேல் வரம்பு. நம்ம கூரை அந்த வரம்புல நிக்குது, தட்டையும் இல்லை. கட்டைக்குக் கட்டை ஒலியைச் சிதறடிச்சிடுது. திருப்பிக் குடுத்துட்டு, உத்தரத்தைச் சுத்திப் பிடிக்கிற பட்டையில துளை போடாம ரெண்டு சின்ன ஸ்பீக்கரைத் தொங்க விட்டேன். இப்ப மழை மேலேருந்து பெய்யுது.

காரைக்குடி ஆச்சி:

தீ விஷயம் சரி தம்பி, நாளைக்கே எடுத்துடுறேன். ஆனா என் காதுல கேட்டதை நீங்க கணக்குப் போட்டு இல்லைன்னு சொல்லக்கூடாது. மெத்தை வைக்கிறதுக்கு முன்னாடி வாளி பாடுச்சு, வச்சப்புறம் பாடலை. அப்ப சப்வூஃபர் இன்னும் பழைய மூலையிலேயேதான் இருந்தது.

தேவகோட்டை ஒலிப்பித்தன்:

ஆச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வாளி எந்த ஒலிக்குப் பாடுச்சுன்னு தெரியலையே, நூத்தைம்பது ஹெர்ட்ஸுக்கு மேலன்னா மெத்தை அதை அடக்கியிருக்கும். அறையோட ஒலியை அளக்குற ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், அதுக்கு அளவெடுக்கிற யூமிக்-1 மைக் ஒண்ணு வாங்கினா அளந்தே பார்த்துடலாம்.

புதுவயல் மேகலா:

ஆம்ப்லேருந்து "ம்ம்ம்"னு உறுமல் வர்றவங்க படிங்க. எங்க வீட்டுல படம் நிறுத்தினாலும் உறுமும். வந்து பார்த்தவர் ரிசீவர்ல எர்த் பின்னை எடுத்துடலாம்னார். கையைப் பிடிச்சு நிறுத்தினேன், குழந்தைங்க தொடுற பெட்டி அது. ஒவ்வொரு ஒயரா உருவினேன். டிடிஎச் கேபிளை உருவின நொடி உறுமல் நின்னுச்சு. மொட்டை மாடி டிஷ்ல ஒரு எர்த், வீட்டுல ஒரு எர்த், ரெண்டுக்கும் நடுவுல கரண்ட் ஓடியிருக்கு. எலக்ட்ரீஷியன் ரெண்டையும் ஒரே எர்த்துல இணைச்சார், போச்சு. எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டாதீங்க.

கானாடுகாத்தான் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. ஆம்ப் வேண்டாம்னு கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். சிக்கல் வேற. எங்க வீடு பதினோரு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பொது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் வருவாக. ஹால்ல எதையும் நிரந்தரமா வைக்கப் பங்காளிக சம்மதிக்கமாட்டாக. பேனலை எடுத்து அடுக்குற மாதிரி செய்ய முடியுமா? மேலே என்ன துணி போடலாம்? ராக்வூல் இங்கே எங்கே கிடைக்கும்?

பள்ளத்தூர்க்காரர்:

தாராளமாச் செய்யலாம் தம்பி. ஒலிப்பித்தன் எழுதினதைப் படிச்சிட்டு நானே ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன். 4க்கு 2 அடி மரச்சட்டம், கீழே குறுக்கா ரெண்டு கால். ஒரு ஆள் தூக்கலாம், படைப்பு அன்னிக்கு மாடியில சாய்ச்சு வச்சிடலாம். துணிக்கு ஒரே சோதனை, வாயை வச்சு ஊதினா காத்து அந்தப் பக்கம் வரணும். ரெக்சின், வழவழப்பான பாலிஸ்டர் வேண்டாம். எங்க வீட்டுல பழைய கண்டாங்கிச் சேலை ரெண்டைக் குடுத்தாக, நெருக்கம் குறைஞ்ச பருத்தி, காத்து நல்லாப் போகுது. ராக்வூலுக்கு ஆடியோ கடைக்குப் போகாதீக. மதுரையில ஏசி டக்டுக்கும் பாய்லருக்கும் இன்சுலேஷன் விக்கிறவங்ககிட்ட ஸ்லாபாக் கேளுங்க. அடர்த்தியைக் கேட்டு வாங்குங்க, சுருளா வர்றது வேண்டாம். வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் போட்டுக்கிட்டு வளவுல வச்சு வெட்டுங்க. சட்டத்துல வைக்கிறதுக்கு முன்னாடி மெல்லிசு காடாத் துணியில ஒரு சுத்து சுத்திடுங்க, நார் அறைக்குள்ள உதிராது.