நார்ஃபோக் வயலில் இரண்டு வெள்ளிக் காசுகள்: டிடெக்டர் காட்டும் எண்ணும், புதையல் சட்டமும்

கேள்வி: கழனிக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வசிக்கிறேன். விவசாயி ஒருவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அறுவடைக்குப் பின் உழுது போட்டிருக்கும் அவருடைய வயலில் விடுமுறை நாட்களில் மெட்டல் டிடெக்டருடன் தேடி வருகிறேன். வயலின் நுழைவாயிலை ஒட்டிய மேட்டில், சில அடி இடைவெளியில், இரண்டு பழைய வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. ஒன்று முழுக் காசு: ஒரு பக்கம் முடிசூடிய முகம், மறுபக்கம் விளிம்பைத் தொடும் ஒற்றைக்கோட்டுச் சிலுவை, அதன் நான்கு மூலைகளிலும் மும்மூன்று புள்ளிகள். மற்றொன்று சரிபாதியாக வெட்டப்பட்ட துண்டு. அதிலுள்ள சிலுவைக்கு ஒவ்வொரு கையும் இரட்டைக் கோடாக இருக்கிறது.

வெள்ளி என்றால் கருவியில் உயர்ந்த எண் வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் முழுக் காசுக்கு நடுத்தரமான எண்ணும், பாதிக் காசுக்கு அலுமினியத் தாளுக்கு வருவது போன்ற தாழ்ந்த எண்ணும் வந்தன. இது ஏன்? இரண்டு காசுகள் கிடைத்திருப்பதால் இது சட்டப்படி புதையல் ஆகுமா? கருமை படிந்திருக்கும் முழுக் காசைச் சுத்தம் செய்யலாமா?

பதில்: மண்வாசகன்

கருவி காட்டும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கருவியின் கம்பிச் சுருளிலிருந்து எழும் மாறும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் திரும்பி வரும் சமிக்ஞை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை அளந்தே கருவி ஓர் எண்ணைத் தருகிறது. அந்தப் பின்தங்கல் உலோகத்தின் கடத்துதிறனை மட்டுமல்லாமல், பொருளின் பரப்பையும் தடிமனையும் சார்ந்தது. விக்டோரியா காலத்து அரைக் கிரௌன் சுமார் 14 கிராம் எடையுள்ள கனத்த வெள்ளிக் காசு. அது எண் வரிசையின் உச்சிக்குப் போகும். உங்களுடையது போன்ற இடைக்கால வெள்ளிக் காசான பென்னியோ ஒன்றரை கிராமுக்கும் குறைந்த மெல்லிய தகடு. அதையும் பாதியாக வெட்டினால் மின்னோட்டம் சுழல இடம் சுருங்கி, எண் மேலும் இறங்கிவிடும். ஆகவே உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை.

இதனால்தான், தாழ்ந்த எண்களை மொத்தமாக ஒலியடக்கி வைத்துவிட்டு "இந்த வயலில் ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் தாண்டிப் போகும் இடத்தில்தான் பாதிக் காசுகளும் கால் காசுகளும் கிடக்கின்றன. இரும்பை மட்டும் ஒதுக்குங்கள். மற்றவற்றைத் தோண்டிப் பாருங்கள். பழைய ஆணிகள் நிறைந்த மேடு என்றால் சுருளை மெதுவாக வீசி, கருவியின் மீட்பு வேகத்தை (ஒரு பொருளின் ஒலி முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் வேகத்தை) கூட்டி வையுங்கள். அப்போதுதான் ஆணியின் முரட்டு ஒலிக்குப் பக்கத்தில் ஒரு துணுக்கு ஒலி தனியாகக் கேட்கும். அந்த ஒலி ஒரு திசையில் மட்டும் கேட்டால், குறுக்காக நின்று மறுபடி வீசிப் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் ஈரம் இறங்கிப் படிந்த மண்ணில் சமிக்ஞை தெளிவாகக் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

பதில்: அச்சும் முத்திரையும்

உங்கள் வர்ணனையிலிருந்தே பெரும்பகுதியைச் சொல்லிவிட முடிகிறது. இரட்டைக் கோட்டு நீள்சிலுவை, மூன்றாம் ஹென்றி 1247-இல் கொண்டுவந்த அச்சு. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கவே சிலுவையின் கைகளை ஓரம் வரை நீட்டினார்கள். அக்காலத்தில் அரைப் பென்னி வேண்டுமானால் பென்னியை அந்தக் கோட்டின் வழியே வெட்டிக்கொள்வார்கள். உங்கள் கையில் இருப்பது உடைந்த காசு அல்ல, செலாவணியில் இருந்த சில்லறை. முதலாம் எட்வர்டு 1279-இல் நாணயங்களைச் சீர்திருத்தி, ஒற்றைக்கோட்டுச் சிலுவையுடன் புதிய பென்னியையும், வட்டமான அரை, கால் பென்னிகளையும் வெளியிட்ட பிறகு வெட்டுக் காசுகளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. உங்கள் முழுக் காசு இந்த இரண்டாம் வகை. ஆனால் அடுத்தடுத்து ஆண்ட மூன்று எட்வர்டுகளின் காசுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், மகுடத்தின் வடிவத்தையும் எழுத்துகளையும் படத்தில் பார்க்காமல் எந்த எட்வர்டு என்று சொல்ல மாட்டேன்.

இப்போது சட்டம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையும் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள நாணயங்கள், ஒரே கண்டெடுப்பில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் புதையல் ஆகும். தனிக் காசு பொதுவாக ஆகாது. "ஒரே கண்டெடுப்பு" என்பதுதான் இங்கே முக்கியம். புதிய அச்சு வந்ததும் பழைய இரட்டைக்கோட்டுக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். எனவே உங்கள் இரண்டு காசுகளும் வெவ்வேறு காலத்தில் தவறவிடப்பட்டவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனினும் அந்த முடிவை நீங்களோ நானோ எடுக்கக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் தொடர்பு அலுவலர் ஒருவர் உங்கள் மாவட்டத்திலும் இருப்பார். அவரிடம் இரண்டையும் காட்டுங்கள். புதையல் என்று கருதக் காரணம் இருந்தால் 14 நாட்களுக்குள் கொரோனருக்கு (புதையலா என்று விசாரித்து முடிவு செய்யும் அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் ஒன்று வாங்க முன்வந்தால் வெகுமதி பொதுவாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். ஸ்காட்லாந்தில் விதி வேறு என்பதால் அங்கே போனால் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

மூன்றாவது காசும் அதே மேட்டில் கிடைத்தால், அல்லது உழவு மண்ணுக்குக் கீழே ஒலி தொடர்ந்தால், தயவுசெய்து தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸ்னே ஊரில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போன ஒருவருக்கு ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும் தட்டுப்பட்டன. அவர் முழுவதையும் தோண்டி எடுக்காமல் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு சேர்த்து எடுத்தார்கள். சுமார் 15,000 நாணயங்கள், அவற்றில் 14,000-க்கும் மேல் வெள்ளி. அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்று இன்று சொல்ல முடிவது, அவர் கையை நிறுத்திக்கொண்டதால் மட்டுமே. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

பதில்: வெள்ளித்தட்டு

சுத்தம் செய்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்க்கும் பழக்கத்தை இந்தக் காசிடம் காட்டிவிடாதீர்கள். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். விரலால் வளைந்ததை நிமிர்த்தப் பார்த்தாலே பிளந்துவிடும். ஒட்டியிருக்கும் மணல் துகளோடு கட்டை விரலால் தேய்த்தால், அரசரின் முகத்தில் மெல்லிய கீறல்கள் விழுந்து நிரந்தரமாக நின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் சிறிது நேரம் வைத்து, மண் தானாக இளகியதும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கருமை அப்படியே இருக்கட்டும். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம்.

பதில்: கழனிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விவசாயியிடம் இன்று மாலையே சொல்லிவிட்டு, தொடர்பு அலுவலருக்கு எழுதுகிறேன். கிடைத்த இடங்களின் ஜி.பி.எஸ். குறிப்பு என்னிடம் இருக்கிறது. இன்னொரு ஐயம்: இந்தியாவில் எங்கள் ஊருக்கு வரும்போது கருவியைக் கொண்டுவந்து எங்கள் சொந்த நிலத்தில் தேடலாமா?

பதில்: அச்சும் முத்திரையும்

இங்கிலாந்துச் சட்டத்தை மனத்தில் வைத்து அங்கே இறங்காதீர்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எந்தப் புதையல் கிடைத்தாலும், சொந்த நிலமாகவே இருந்தாலும், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்; மறைத்தால் சிறைத் தண்டனை வரை போகும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது. கிடைத்த பழங்காசை உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதும் குற்றம். நார்ஃபோக் மேட்டை நிதானமாக, ஒவ்வொரு காசையும் தனித்தனி உறையில் இட்டு, உறையின் மேல் இடக் குறிப்பை எழுதி, முழுவதும் தேடி முடியுங்கள். காசுகளின் படங்களை இரு பக்கமும் தெரியும்படி இங்கே இட்டால் எந்த எட்வர்டு என்று பார்க்கலாம்.